கடன் வாங்கிய காவல்

ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடு என்னும் ஊரின் பெயரை வன்னி நாட்டார் யாவரும் அறிவர். 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 31ஆம் நாள் கப்பித்தான் வொன் டிறிபேர்க் என்பவர் பண்டாரவன்னியனை இப்பகுதியில் முறியடித்தார் என்னும் செய்தியை ஆங்கிலேயர் பின்னாளில் அவ்விடத்திலே ஒரு கல்லில் பொறித்து நாட்டினர். வென்றவர்கள் நாட்டிய கல்லாதலால் அது தோல்வியைக் கூறவில்லை. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், ஒகஸ்ட் மாதத்தில், அதே டிறிபேர்க் முல்லைத்தீவுக் கோட்டையைப் பண்டாரவன்னியனிடம் இழந்து, எஞ்சிய தம் வீரருடன் படகேறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். பின்னர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்னும் மூன்று திக்குகளிலிருந்தும் படைகள் புறப்பட்டு வன்னிக்குள் நுழைந்த பின்னரே நிலைமை மாறிற்று. அம்மூன்றும் கடற்கரைக் கோட்டைகள் என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இச்சிறு நிகழ்ச்சியில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கின்றது. கடல் வழியாக வந்து ஒரு நாட்டை ஆளும் வல்லரசு, அந்நாட்டு மக்களின் நம்பிக்கையைப் பெறாதவரையில், கடலை நோக்கியே நின்று ஆளும். ஆபத்து வந்தால் அது ஓடுவதும் கடலுக்கே. உதவியை எதிர்பார்ப்பதும் கடலிலிருந்தே. அவ்வுதவியாக வருவோர் பெரும்பாலும் அந்நாட்டாருக்கும் அந்நியர். சில வேளைகளில் ஆளுவோருக்கும் அந்நியர். அக்காலத்தில் ஆங்கிலேயர் இலங்கையில் வைத்திருந்த படையில் மலாய் வீரர் இருந்தனர். இந்தியச் சிப்பாய்கள் இருந்தனர். மலாய் வீரனுக்கு வன்னிக் காட்டில் உறவில்லை. சிப்பாய்க்கு இங்கே காணி பூமியில்லை. உறவில்லாதவன் தயங்காமற் சுடுவான் என்பதே அந்த ஏற்பாட்டின் உட்பொருள்.

இந்த ஏற்பாடு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் வேறொரு தமிழர் வாழ் துறைமுகத்தில் முற்றாக உடைந்து போயிற்று. உடைந்த வேளையில், ஆங்கிலக் கொடி பறந்த அந்நகரின் தெருக்களிலே பிரெஞ்சு மாலுமிகளும், ருஷ்ய மாலுமிகளும், யப்பானிய மாலுமிகளும் துவக்கேந்திக் காவல் காத்தனர். அத்துறைமுகம் சிங்கப்பூர், ஆண்டு 1915. அந்த வரலாற்றையே இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

துறைமுக நகரங்களில் கடற்படையினர் தெருக்காவல் செய்வது புதுமையானதொன்றன்று. போர்க்கப்பலொன்று துறையில் நங்கூரமிட்டால் பலநாட் கடலில் உழன்ற மாலுமிகள் விடுமுறை பெற்றுக் கரைக்கு இறங்குவர். கையிற் பணமிருக்கும், கள்ளுக்கடையும் சாராயக்கடையும் எதிரே இருக்கும். சண்டையும் சச்சரவும் விளைவதற்கு அதிக நேரம் வேண்டியதில்லை. ஊர்ப் பொலிஸ்காரன் அந்நிய மாலுமியின் மேற் கைவைத்தால் அது இரு அரசாங்கங்களுக்கிடையே வழக்காக முடியவுங்கூடும். ஆதலால் அந்தந்தக் கப்பலே தன் ஆட்களில் நிதானமுள்ள சிலரைத் தெரிந்து, கையிற் பட்டி கட்டி, தடியும் கொடுத்துக் கரைக்கு அனுப்பும். அவர்கள் ஊர்ப் பொலிசாரோடு கூடிச் சுற்றி வந்து, குழப்பஞ் செய்யும் தம்மவரைப் பிடித்துக் கப்பலுக்குக் கொண்டுபோவர். இதனைக் கரைக்காவல் என்பர். 1957ஆம் ஆண்டுவரை ஆங்கிலக் கடற்படையின் தளமாயிருந்த திருகோணமலை போன்ற ஊர்களில் வாழ்ந்த முதியோருக்கு இவ்வகைக் காவற்காரர் பழகிய காட்சியாகவே இருந்திருப்பர்.

இது சாதாரண காலத்து வழக்கம். இங்கே கடற்படையின் அதிகாரம் தன் மாலுமிகளோடு நின்றுவிடுகின்றது. ஆனால் அதே கடற்படை, ஊர்ப் பொலிசுக்குத் துணையாக ஊர் மக்களின் மேலேயே காவல் செய்யத் தொடங்கினால் அதன் பொருள் வேறாகிவிடும். சிங்கப்பூரில் நேர்ந்தது அவ்விரண்டாவது வகை.

1915ஆம் ஆண்டின் சிங்கப்பூரை யார் காத்தனர் என்று பார்ப்போம். நகரின் பெரும்பான்மையோர் சீனர். மலாய்க்காரரும் இருந்தனர், தமிழரும் ஏனைய இந்தியரும் இருந்தனர், துறைமுகத்திலும் இரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் தென்னிந்தியத் தமிழரோடு யாழ்ப்பாணத்துத் தமிழரும் பணியாற்றினர். பொலிஸ் படையிலோ மேலதிகாரிகள் ஐரோப்பியர். துவக்கேந்திய முக்கிய பிரிவு, 1881ஆம் ஆண்டு முதலாகப் பஞ்சாப்பிலிருந்து கொண்டுவரப்பட்ட சீக்கியர். மலாய் நாடுகளின் காவற்படை என்ற பெயருடைய படையிலும் பஞ்சாபியரும் பட்டாணியருமே நிறைந்திருந்தனர். இவ்வாறு மலாய் நாட்டவனைக் கொண்டு இலங்கையைக் காப்பதும், பஞ்சாபியனைக் கொண்டு சீனனைக் காப்பதும் ஏகாதிபத்தியத்தின் நெடுநாட் கலையாயிருந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டான் காவலாளி. அவரவர் நாட்டுக்கு அவரவர் காவலரல்லர்.

முதலாம் உலகப்போர் 1914இல் மூண்டதும் சிங்கப்பூரில் இருந்த ஆங்கிலக் காலாட்படை ஐரோப்பியப் போர்முனைக்கு அழைக்கப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப, அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில், மத்திய இந்தியாவிலுள்ள நௌகோங் என்னும் பாளையத்திலிருந்து 5ஆவது இலகு காலாட்படை வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 800 வீரரைக் கொண்ட இப்படை, பண்டாரவன்னியன் போரிட்ட அதே 1803ஆம் ஆண்டில் வங்காளப் படையின் ஒரு பகுதியாகத் திரட்டப்பட்டது. 1857ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சியிலுங்கூட ஆங்கிலேயர் பக்கமே நின்ற படை அது. அதன் வீரர் அனைவரும் முஸ்லிம்கள். ஒரு பாதியினர் இராங்கர் எனப்படும் இராசபுத்திர முஸ்லிம்கள். மறுபாதியில் பட்டாணியரும் பிறரும் இருந்தனர்.

இவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட பணிகளில் ஒன்று, தங்ளின் என்னுமிடத்தில் சிறைவைக்கப்பட்டிருந்த 300க்கு மேற்பட்ட ஜெர்மானியரைக் காவல் செய்வது. அவர்களுள் எம்டன் கப்பலைச் சேர்ந்தோரும் இருந்தனர். எம்டன் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் நேயர்கள் நிமிர்ந்து உட்காருவர் என்பதை அறிவேன். 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறையின் எண்ணெய்த் தாங்கிகளைக் குண்டால் எரித்து, அடுத்த மாதத்தில் பினாங்குத் துறைமுகத்திற் புகுந்து அங்கு நின்ற ருஷ்யக் கப்பலையும், துறைமுகத்துக்கு வெளியே பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்து, நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவினருகே அழிந்தொழிந்த கப்பல் அது. துணிவும் தந்திரமும் மிக்கவனை "எம்டன்" என்று தமிழ்மக்கள் சொல்லும் வழக்கம் அக்கப்பலினாலேயே உண்டாயிற்று. எம்டனுடைய அதிகாரியான லௌட்டர்பாக் என்பவர் தங்ளின் சிறைக்கூடத்திலிருந்து கொண்டு, காவலுக்கு வந்த சிப்பாய்களோடு பேச்சுக் கொடுத்து, ஆங்கிலேயரின் தோல்வி நெருங்குகிறதென்று அவர் மனத்தைக் கலைத்தார்.

எனினும் கிளர்ச்சியின் காரணத்தை ஒரு ஜெர்மானியரின் நாவன்மையில் மட்டுங் காண்பது பொருந்தாது. 1914 நவம்பரில் துருக்கி, ஆங்கிலேயருக்கு எதிராகப் போரிற் குதித்தது. துருக்கிச் சுல்தானே இஸ்லாமிய உலகின் கலீபாவாகக் கருதப்பட்டவர். அவர் படையின்மேற் சுடுவது தகுமா என்ற கேள்வி சிப்பாய்களின் உள்ளத்தை அரித்தது. கம்போங் ஜாவா வீதிப் பள்ளிவாசலில் நூர் ஆலம் ஷா என்னும் பெரியார் ஆங்கிலேயருக்கு எதிராக உபதேசித்து வந்தார். காசிம் மன்சூர் என்னும் குசராத்தி வணிகர் சிப்பாய்களோடு நெருங்கிப் பழகி, இரங்கூனிலிருந்த துருக்கிப் பிரதிநிதியிடம் உதவி கேட்டுக் கடிதமெழுதினார். அமெரிக்காவிற் பிறந்த கதர் கட்சியின் பிரசுரங்களும் கிழக்காசியத் துறைமுகங்களில் உலவின. இவற்றோடு, படைக்குள்ளேயே பதவி உயர்வு பற்றிய பிணக்குகள் இருந்தன. படைத்தலைவர் லெப்டினன்ட் கேணல் மாட்டினுக்கும் அவர்கீழ் இருந்த ஆங்கில அதிகாரிகளுக்கும் ஒற்றுமை இருக்கவில்லை. தலைமை பிளவுபட்ட படையில் வதந்திக்கு இறக்கை முளைத்தல் இயல்பே.

படையை ஹொங்கொங்குக்கு அனுப்புவதென்று மேலிடம் தீர்மானித்தது. "நோர்" என்ற கப்பல் பெப்ரவரி 16ஆம் நாள் புறப்படுவதாயிருந்தது. ஹொங்கொங் என்று சொன்னாலும் உண்மையில் துருக்கியரோடு போரிடவே தம்மைக் கொண்டுபோகின்றனர் என்று சிப்பாய்கள் நம்பினர். மெய்யான செய்தியைத் தெளிவாகக் கூறி அவர்களது ஐயத்தை நீக்க எவரும் இருந்தாரில்லை. வீரர்கள் மொழியை அதிகாரிகள் அறிந்திருந்தாலும் அவர்கள் மனத்தை அறிந்திருக்கவில்லை.

1915ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள், திங்கட்கிழமை. சீனப் புத்தாண்டு விடுமுறை. கடைகள் அடைக்கப்பட்டிருந்தன, நகரெங்கும் பட்டாசு வெடித்துக் கொண்டிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில், அலெக்சாந்திரா பாளையத்தில் வெடிமருந்து ஏற்றிக்கொண்டிருந்த வேளையில், முதல் வெடி தீர்ந்தது. தூரத்திற் கேட்டோர் அதனையும் பட்டாசென்றே எண்ணினர் என்பர். படையில் ஏறத்தாழப் பாதிப்பேர் கிளர்ந்தெழுந்தனர். ஒரு கூட்டம் படைத்தலைவரின் வீட்டை முற்றுகையிட்டது. ஒரு கூட்டம் தங்ளினுக்குச் சென்று காவல் நின்ற ஆங்கிலரையும் பிறரையுஞ் சுட்டு வீழ்த்தி, சிறையின் கதவைத் திறந்துவிட்டது. மற்றொரு கூட்டம் நகரையும் துறைமுகத்தையும் நோக்கிச் சென்று, வழியிற் கண்ட ஐரோப்பியரைக் கொன்றது. இறந்தோர் 40 பேருக்கு மேல். அவர்களுட் போரோடு தொடர்பில்லாத குடிமக்களும் இருந்தனர். பெண் ஒருவரும் இருந்தார். அநியாயமான ஆட்சியை எதிர்த்தவர்கள் என்பதற்காக இக்கொலைகளை நாம் மறைத்துரைத்தல் நேர்மையாகாது.

திறந்த சிறைக்கதவின் வழியே லௌட்டர்பாக்கும் வேறு சிலரும் தப்பியோடினர். அவர் டச்சுக்காரரின் தீவுகளுக்கூடாகச் சென்று ஈற்றிலே தம் நாட்டை அடைந்தார். ஆனால் சிறையிலிருந்த ஜெர்மானியருட் பெரும்பாலார் சிப்பாய்கள் நீட்டிய துவக்கை ஏற்க மறுத்து அங்கேயே இருந்துவிட்டனர். தலைமை தாங்க வருவாரென்று நம்பப்பட்டோர் வராமையினால், கிளர்ச்சிக்குத் திட்டமும் திசையும் இல்லாமற் போயின.

மாலை ஆறரை மணியளவில் இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. தேசாதிபதி சேர் ஆதர் யங்கின் கையிலும், படைத் தளபதி ஜெனரல் றிடவுட்டின் கையிலும் அப்போது இருந்ததென்ன? சிறுதொகையான பீரங்கிப் படையினர், விடுமுறைக்குக் கலைந்திருந்த தொண்டர் படையினர், பொலிசார். சீக்கியப் பொலிசார் தம் கடமையிற் பிறழாது நின்றனர். ஆயினும் மலாய் நாடுகளின் காவற்படையைச் சேர்ந்தோரிற் சிலர் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துவிட்டமையால், தலைப்பாகை கட்டிய எவரையும் நம்புவதா என்ற ஐயம் ஐரோப்பியரைப் பற்றிக் கொண்டது. அந்நியனைக் கொண்டு ஆளும் கலையின் அடித்தளம் அன்றிரவு ஆட்டங் கண்டது. ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் துறையில் நின்ற கப்பல்களில் ஏற்றப்பட்டனர். முல்லைத்தீவிற் போலவே இங்கும் அச்சம் கடலை நோக்கி ஓடிற்று.

துறையில் நின்ற ஒரே ஆங்கிலப் போர்க்கப்பல் "கட்மஸ்" என்னும் சிறிய கலம். அதன் மாலுமிகளே முதன்முதற் கரையிறங்கிக் கிளர்ச்சிக்காரரின் வழியை மறித்தனர். மறுநாட் காலையில் தொண்டர் படையினரும் பீரங்கிப் படையினரும் மாலுமிகளும் கூடிப் பாளையத்தை மீட்டு, முற்றுகையிலிருந்த படைத்தலைவரையும் விடுவித்தனர். ஆனால் பல நூறு ஆயுதபாணிகள் தீவெங்குஞ் சிதறிப் போயினர். அவர்களைத் தேடிப் பிடிக்க ஆட்கள் வேண்டும்.

அப்போது கைகொடுத்தது கம்பியில்லாத் தந்தி. வானொலி நேயர்களாகிய நமக்கு இது சிறப்பாக நினைக்கத் தக்கது. முல்லைத்தீவை இழந்த டிறிபேர்க் உதவி கேட்கத் தாமே படகேறிப் போகவேண்டியிருந்தது. வன்னிக்குப் படைகள் வந்து சேர வாரங்கள் கழிந்தன. சிங்கப்பூரிலோ ஆங்கிலக் கடற்படையின் கிழக்குத் தளபதி ஜெறம், கண்ணுக்குத் தெரியாத அலைகளின் மூலம், கடலில் நின்ற நேசநாட்டுக் கப்பல்களை ஒரு சில மணி நேரத்துள் அழைத்துவிட்டார். பெப்ரவரி 17ஆம் நாளும் அதனை அடுத்தும் அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன: பிரெஞ்சு "மொங்கால்ம்", யப்பானிய "ஒட்டோவா", "சுஷிமா", ருஷ்ய "ஓரெல்". மொங்கால்ம் மட்டும் ஏறத்தாழ 190 பேரை இயந்திரத் துவக்குகளுடன் கரையிறக்கியது. ஜொகூர்ச் சுல்தான் இபுராகீம் தமது படையோடு நீரிணையைக் கடந்து வந்தார். நகரிலிருந்த யப்பானியக் குடிமக்களிற் 180க்கு மேற்பட்டோரை அவர்களது கொன்சல் திரட்டிக் கொடுக்க, அவர்கள் விசேட பொலிஸ்காரராக நியமனம் பெற்றனர். நேற்றுவரை சிகையலங்காரக் கடையிலும் புகைப்படக் கடையிலும் சில்லறை வணிகத்திலும் இருந்த மக்களின் கையில் இன்று துவக்கு விளங்கிற்று.

இவர்கள் செய்த வேலை பெரும்பாலும் போரன்று, பொலிஸ் வேலையே. தெருக்களிற் சுற்றுக் காவல், பாதைகளில் மறியல், இரப்பர்த் தோட்டங்களிலும் சதுப்பு நிலங்களிலும் தேடுதல், பிடிபட்டோரைக் கைமாற்றுதல் என்பனவே அவை. நாலு மொழி பேசும் நாலு கொடியினர், ஆங்கிலப் பொலிசாரின் வழிகாட்டலில், ஊர் அறியாத ஊரிலே காவல் செய்தனர். சீருடையைக் களைந்தெறிந்த சிப்பாயையும், பால் விற்கும் இந்தியனையும், காவற்காரனாய் வேலை பார்க்கும் இந்தியனையும் அந்த மாலுமி எவ்வாறு வேறுபடுத்தி அறிந்திருப்பான் என்பது நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி. கிளர்ச்சிக்காரருட் பலர் ஜொகூருக்குத் தப்பியோடி அங்கே பசியால் வாடிச் சரணடைந்தனர். பெப்ரவரி 20ஆம் நாள் இரங்கூனிலிருந்து ஆங்கிலக் காலாட்படை வந்து இறங்கியது. கடன் வாங்கிய காவலர் ஒருவர்பின் ஒருவராய்த் தத்தம் கப்பலுக்குத் திரும்பினர்.

அதன்பின் நடந்தது தண்டனை. 200க்கு மேற்பட்டோர் இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டனர். 47 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 64 பேர் ஆயுட்காலம் நாடு கடத்தப்பட்டனர். 73 பேர் ஏழு முதல் இருபது ஆண்டுவரை சிறையிடப்பட்டனர். சுபேதார் துண்டே கானும் ஜமேதார் சிஸ்டி கானும் சுடப்பட்டோரில் முக்கியமானவர்கள். காசிம் மன்சூர் தூக்கிலிடப்பட்டார். ஊட்றம் வீதிச் சிறையின் மதிற்புறத்தில், ஆயிரக்கணக்கான மக்கள் பார்த்திருக்க, வரிசையாக நிறுத்தி இக்கொலைத் தண்டனைகள் நிறைவேற்றப்பட்டன. ஆட்சி தடுமாறவில்லை என்பதை ஊராருக்குக் காட்டவே அப்படிச் செய்தனர். ஆனால் உறுதியாக நிற்கும் அரசு தன் உறுதியை மதிற்புறத்திற் காட்ட வேண்டிய அவசியம் இல்லையே!

சிப்பாய்கள் செய்த குற்றத்தின் நிழல் குற்றமற்றோர் மீதும் விழுந்தது. சிங்கப்பூரிலிருந்த இந்தியர் யாவரும் தம் பெயரைப் பதிவுசெய்து கொள்ள வேண்டுமென அரசாங்கம் கட்டளையிட்டது. கிளர்ந்தெழுந்தோர் வட இந்தியாவிலிருந்து வந்து நான்கு மாதமே அவ்வூரில் இருந்தவர்கள். தமிழரோ தலைமுறை தலைமுறையாகச் சிங்கப்பூரின் வீதிகளையும் துறைமேடைகளையும் கட்டியெழுப்பியவர்கள். கிளர்ச்சியில் அவர்களுக்குப் பங்கில்லை. எனினும் நிறமொன்றையே சான்றாகக் கொண்டு, பதிவுச் சீட்டுப் பெறும்படி பணிக்கப்பட்டபோது அவர்கள் உள்ளம் புண்பட்டது. நெருக்கடி வந்த காலத்து அரசு ஆட்களைப் பார்ப்பதில்லை; இனங்களையே பார்க்கின்றது. இந்தப் புண்ணைப் பற்றி நினைவுக் கற்களில் எதுவும் பொறிக்கப்படவில்லை. விக்டோரியா ஞாபகார்த்த மண்டபத்திலும் சென் அன்ட்றூஸ் தேவாலயத்திலும் பதிக்கப்பட்ட நினைவுப் பலகைகள், கிளர்ச்சியை அடக்குவதில் உயிர்நீத்தோரையே நினைவுகூர்ந்தன.

அவ்வாண்டு ஓகஸ்டில், 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட பிரித்தானியப் பிரசைகளான ஆடவர், படையிலோ பொலிசிலோ இல்லாவிடில், கட்டாயமாகச் சேவையாற்ற வேண்டுமென ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. அந்நியரை நம்பி ஊரைக் காப்பது ஆபத்தென்பதை ஆட்சியாளரே ஒருவாறு உணர்ந்தமைக்கு அது சான்று.

அதே 1915ஆம் ஆண்டு, மூன்று மாதங்கள் கழித்து, நமது இலங்கையிலும் இராணுவச் சட்டம் வந்தது. மே மாத இறுதியிற் கண்டியில் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலகம் கொழும்புக்கும் பிற இடங்களுக்கும் பரவிற்று. போர்க்காலத்து அச்சத்தில் இருந்த ஆட்சியினர், ஊர்க் கலகத்தை அரசுக்கு எதிரான சதியாகக் கண்டு, ஜூன் 2ஆம் நாள் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தனர். கலகத்தை அடக்க ஏவப்பட்டோருட் பஞ்சாபிப் படையினர் இருந்தனர். ஐரோப்பியத் தோட்டக்காரரும் வணிகரும் ஆயுதந் தாங்கினர். கொழும்பு நகரக் காவற்படையைச் சேர்ந்த இளைஞரான ஹென்றி பேதிரிஸ் ஜூலை 7ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் எழுந்து நின்று இந்தக் கொடுமைகளை வன்மையாகக் கண்டித்தார். பின்னர் போர்க்காலக் கடலைக் கடந்து இலண்டன் சென்று வழக்குரைத்தார். ஊரைக் காக்க வந்தவன் ஊரான் அல்லாதபோது, கலகக்காரன் யார், வேடிக்கை பார்ப்பவன் யார் என்ற வேறுபாடு மறைந்து போகின்றது. சிங்கப்பூரும் கொழும்பும் ஒரே ஆண்டில் புகட்டிய பாடம் அது.

கடனுக்கு வட்டியுண்டு. சிங்கப்பூரிற் காவல் காத்த மாலுமிகளுள் யப்பானியர் 1902ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் ஆங்கிலேயருக்கு நண்பராயிருந்தவர்கள். கிழக்கில் ஆங்கிலேயரின் பலம் எத்துணை மெலிந்ததென்பதையும், ஒரு பட்டாளத்தின் பாதி கிளர்ந்தால் அம்மாநகர் தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாதென்பதையும் அவர்கள் நேரிற் கண்டனர். அந்த நட்பு 1923இல் முடிவுற்றது. ஆங்கிலேயர் பெரும்பொருள் செலவிட்டுச் சிங்கப்பூரின் வடகரையிற் கடற்படைத் தளம் அமைத்து 1938இல் திறந்து வைத்தனர். தளம் இருந்தது, அதில் நிற்கப் போதிய கப்பல்கள் இருக்கவில்லை. 1942ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 15ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியரிடம் சரணடைந்தது. சிப்பாய்க் கிளர்ச்சி தொடங்கிய அதே நாள். இடையே சென்றவை இருபத்தேழு ஆண்டுகள். முன்பு காவலுக்கு அழைக்கப்பட்டோர் இப்போது அழைப்பின்றியே வந்து ஆளத் தொடங்கினர். அவர்கள் ஆட்சியிலே மலாயாத் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சியாம்–பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டனர். 1915இல் பதிவுச் சீட்டோடு நின்ற துன்பம், 1942இன் பின் தண்டவாளத்தின் அடியிற் புதைந்த துன்பமாயிற்று.

சிங்கப்பூர் வீழ்ந்ததும் ஆங்கிலேயரின் கிழக்குக் கடற்படை இலங்கைத் துறைமுகங்களை நாடியது. அதனைத் தொடர்ந்து 1942 ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பிலும், 9ஆம் நாள் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. வவுனியாவிலும் போர்க்கால விமானத் தளம் ஒன்று அமைந்தது. வன்னிக் காட்டின் மேலாக விமானங்கள் இரைந்து சென்றபோது கீழே வயலில் நின்ற கமக்காரனுக்குச் சிங்கப்பூர்த் தெருக்களின் பழைய காவற் கதை தெரிந்திருக்க நியாயமில்லை. எனினும் அக்கதையின் ஒரு கிளை அவன் தலைக்கு மேலேயே நீண்டிருந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் தெளிய வேண்டியது யாது? காவல் என்பது துவக்கின் தொகையால் அமைவதன்று. காப்பவனுக்கும் காக்கப்படுவோனுக்கும் இடையிலுள்ள நம்பிக்கையால் அமைவது. அந்த நம்பிக்கை உள்ள ஊரில் ஒரு விதானையார் தடியில்லாமலே கூட்டத்தைக் கலைத்துவிடுவார். அஃது இல்லாத ஊரில் நான்கு நாட்டுக் கடற்படைகள் வந்து நின்றாலும் அமைதி தற்காலிகமானதே. 5ஆவது இலகு காலாட்படையின் சிப்பாய்க்கு அவன் எங்கே அனுப்பப்படுகிறான் என்பதை ஒரு வார்த்தை மெய்யாகச் சொல்லியிருந்தால், அம்மாலையில் மாண்ட குடிமக்களும், மதிற்புறத்தில் மாண்ட சிப்பாய்களும் ஒருவேளை பிழைத்திருக்கக் கூடும். சொல்ல ஆளில்லை, சொன்னாலும் நம்ப ஆளில்லை என்ற நிலைக்கு ஆட்சி வந்திருந்தது. அந்நிலைக்கு வந்த ஆட்சிக்குக் கடன் வாங்கிய காவல் சில நாட்களை வாங்கித் தரும். மக்களின் உள்ளத்தை வாங்கித் தராது.